வாப்பா மைக் பிடித்த நாள்

போன கிழமை கற்பிட்டியில் கொட்டிய மழையைப் பற்றிப் பேப்பரில் வாசித்திருப்பீர்கள். பேப்பரில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

என் தங்கை சியானா காலநிலை விஞ்ஞானி. பெருமழையும் வரட்சியும் ஏன் இப்படி மூர்க்கமாகின்றன என்று ஆராய்வதுதான் தொழில். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்கள் குடும்பத்தில், புத்தளத்து முகாமில், ஓலைக் குடிசையில் பிறந்தவள். சண்டை முடிந்த காலத்தில் கம்பஸ் போனாள். பிறகு வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் வாங்கி டொக்டரானாள். ஆனாலும் ஊருக்கு அவள் 'டீவியில மழை சொல்ற பிள்ளை'தான். வாப்பாவுக்கும்!

வாப்பா கற்பிட்டியில் வெங்காயப் பயிர் செய்கிறார். விளைச்சல் முற்ற இன்னும் ஒரு கிழமை இருந்தது. கொழும்பிலிருந்து லீவில் வந்த சியானா, வங்கக்கடலில் உருவான தாழமுக்கத்தைக் கவனித்துவிட்டு, வெங்காயத்தை உடனே கிண்டி எடுக்கச் சொன்னாள். இந்தக் கரையில் மாதக்கணக்கில் பெய்யவேண்டிய மழை இப்போது ஒரே நாளில் விழுகிறது – அவளுடைய ஆய்வே அதுதான்.

வெளியிலோ கண் கூசும் வெயில்.

காய் சிறுத்திருக்கும் என்று வாப்பா மறுத்தார். கொழும்பில் கதிரையில் இருப்பவர்களுக்கு வெங்காயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு குத்தும் விட்டார். சியானாவின் முகம் வாடியது. குரல் மட்டும் உயரவில்லை.

"நான் சொல்றது பிழைச்சா காய் கொஞ்சம் சிறுசு, வாப்பா. அவ்வளவுதான். சரியா வந்தா... எல்லாம் மண்ணுக்குள்ளயே அழுகிப் போகும்."

வாப்பா தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டார். பிறகு கூலியாட்களுக்குப் போன் எடுத்தார். அதோடு நின்றாரா? அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"என்ட மகள் சொல்றா, பெரிய மழை வருதாம். வெங்காயத்தக் கிண்டுங்க."

வீட்டு முற்றத்தில் அதைக் கேட்ட சியானா அப்படியே நின்றாள். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாளும் வெயில்! அவசரப்பட்டுக் கிண்டியவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே... சியானா சாப்பாட்டைத் தொடவில்லை. உச்சி சாய்ந்ததும் கிழக்கே வானம் கறுத்தது. பிறகு பிடித்த மழை, விடியும்வரை விடவில்லை.

காலையில் தோட்டங்களெல்லாம் குளம். வெங்காயமோ கொட்டில்களில் பத்திரம். முழங்கால் தண்ணீரில் நின்று வாப்பா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது வீட்டில் ஓயாத கூட்டம். ஒருவர் மகளின் நிக்காஹ்வுக்கு மழையில்லாத நாளொன்று கேட்டு வந்திருந்தார். வாப்பா வாசலிலேயே மறித்தார்.

"கொஞ்சம் இருங்க. டொக்டர் சாப்பிடுறா."

மழையைக் கணிப்பதுகூட லேசு. சொந்த வாப்பாவை நம்பவைப்பதுதான்... பெரிய ஆராய்ச்சி!