துரையின் மூக்கு

ராஜபாளையம் சந்தையில் கருவாடு விற்கும் பிச்சையம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த வருடம் அவளுடைய கோபமெல்லாம் ஒரே சொல்லின் மீதுதான். வயசாயிருச்சு.

துரை அவளுடைய பூனை. பதினாலு வருடமாகக் கருவாட்டு மூட்டைகளுக்குக் காவல். அதற்கு ஒரு பக்க மூக்கில் சளி ஒழுக ஆரம்பித்து, தும்மலும் குறட்டையுமாக மாதக்கணக்கில் இழுத்தது. மாத்திரை கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். பிறகு வாசனை தெரியாமல் சாப்பாட்டையே விட்டுவிட்டது. நெத்திலியை மூக்கருகே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கருவாட்டுக்காரி வீட்டுப் பூனை பட்டினி கிடந்தது.

“வயசாயிருச்சும்மா. புத்துநோயாத்தான் இருக்கும். ஒரு ஊசி போட்டா நிம்மதியாக் கண்ணை மூடிரும்” என்றார் மாட்டு டாக்டர் ஆவுடையப்பன், துரையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல். நாயோடு காத்திருந்தவர்களில் ஒருவன், பூனைக்கா இம்புட்டுப் பாடு என்று சிரித்தான்.

“உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலே சாவச் சொல்லுதீகளே! எனக்குந்தான் அறுவது ஆச்சு, எனக்கும் ஊசி போடுவீகளா?”

கத்திவிட்டு வந்தவள், மகள் காளீஸ்வரி விசாரித்துச் சொன்ன சென்னை ஆஸ்பத்திரிக்குத் துரையைக் கூடையில் வைத்து ரயிலேறினாள். அங்கே டாக்டர் அனுசியா மயக்க மருந்து கொடுத்து அதை சி.டி. ஸ்கேனில் படுக்கவைத்தார்.

“எக்ஸ்ரேல எலும்பெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து மறைச்சிடும்மா. இதுல ரொட்டியை வெட்டின மாதிரி துண்டு துண்டாப் பார்க்கலாம். இங்க பாருங்க.”

மேல் கோரைப்பல்லின் வேர் அழுகி, சீழ் எலும்பை அரித்து மூக்குக்குள் புகுந்திருந்தது. சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததிலும் புற்றுநோய் இல்லை. பிச்சையம்மாளுக்குச் சந்தோஷத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. ஒரு சொத்தைப் பல்லுக்காகவா உயிரை எடுக்கப் பார்த்தார்கள்!

பல்லைப் பிடுங்கி, ஓட்டையைத் தைத்து அனுப்பினார்கள். புண் ஆறிய பிறகு ஒருநாள், வாளைக் கருவாட்டு மூட்டையை அவிழ்த்ததும் தூங்கிக்கொண்டிருந்த துரை தலையைத் தூக்கி மோந்தது. எழுந்து வந்து காலை உரசிக் கத்தியது. சந்தை என்றும் பாராமல் அவள் அழுதாள்.

அவள் பிய்த்துப் போட்ட வாளையை அது தின்றுகொண்டிருக்கும்போதே ஆவுடையப்பன் வந்து நின்றார்.

“வாளை அரைக் கிலோ போடும்மா.”

பிச்சையம்மாள் தராசைத் தொடவில்லை.

“ஒங்களுக்கு வயசாயிருச்சு சார். இனி எதுக்குக் கருவாடு?”

அவர் துரையைப் பார்த்தார். பிச்சையம்மாள் அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம், “ஒனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டாள்.