செண்பகவல்லியின் பேராசிரியர் உரை

சிங்கப்பூர் ஈசூனில் பிறந்த செண்பகவல்லி சமூகவியல் ஆய்வுக்காக டென்மார்க் வந்தபோது, படிப்பை முடித்ததும் திரும்பிவிடுவாள் என்றுதான் அப்பா நம்பினார். அவள் திரும்பவில்லை. அங்கே யூலன்ட் பகுதி ஊர்களில் குடியேறிய யாழ்ப்பாணத்து அகதிக் குடும்பங்கள், ஊரில் நடக்கும் சாவுகளை இங்கிருந்து எப்படித் தாங்குகின்றன என்பதே அவள் ஆய்வு. ஸ்கீவவிலும் கிரின்ஸ்டெட்டிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். அது புத்தகமாயிற்று. நிரந்தர வேலை வந்தது. பின்னர் ஓர் இலையுதிர் காலத்தில் பேராசிரியரும் ஆனாள்.

பதவியேற்பு உரையன்று விடியற்காலை தம்பி குணசேகர் கூப்பிட்டான்.

“அப்பா போயிட்டாருக்கா. நாளைக்கு மண்டாய் தகனச்சாலையில எடுக்கிறோம். எப்ப கிளம்புற?”

“இன்னைக்கு லெக்சர் இருக்குடா.”

அவன் போனை வைத்துவிட்டான். உடனே புறப்பட்டிருந்தால் முகம் பார்த்திருக்கலாம். அவள் சேலைக்கு இஸ்திரி போட்டாள்.

உரையில் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. கைதட்டினார்கள், கையில் வைன் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். கிரின்ஸ்டெட்டிலிருந்து கார் ஓட்டி வந்திருந்த விமலராணி, முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், புத்தகத்துக்காக முதன்முதலில் பேசியவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“அப்பாக்குச் சொன்னனீங்களோ? சந்தோசப்பட்டிருப்பார்.”

“காலையில இறந்துட்டாருக்கா.”

விமலராணி அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தார். “வாங்கோ, வீட்டை போவம்.”

மறுநாள் காலை விமலராணி வீட்டுச் சமையலறையில், கைபேசித் திரையில் செண்பகவல்லி அப்பாவின் தகனத்தைப் பார்த்தாள். கேமராவைப் பிடித்தவர் சரியாகப் பிடிக்கவில்லை. பெரும்பாலும் பெட்டியின் ஓரமும் குணசேகரின் முதுகுமே தெரிந்தன. படம் நின்று நின்று வந்தது. பெட்டி உள்ளே போயிற்று.

“அழுகை வரேல்லையோ?”

“இல்லக்கா. ஒண்ணுமே வரல.”

“சரி. போய்த் தலையில தண்ணி ஊத்துங்கோ.”

குளித்தாள். விமலராணி தந்த இட்லியைச் சாப்பிட்டாள். உப்பு இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாள். குணசேகர் பல மாதங்கள் பேசவில்லை. பிறகு தீபாவளிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான், அவளும் அனுப்பினாள். இரண்டாம் புத்தகத்துக்காக அகதிக் குடும்பங்களிடம் சேகரித்த ஒலிப்பதிவுகளை அவள் தன் மாணவி அஜந்தினியிடம் கொடுத்துவிட்டாள்.

“ஏன் மிஸ், நீங்கள் செய்யேல்லையோ?”

“எனக்கு அது முடிஞ்சிடுச்சு.”

இப்போது அவள் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறாள். நன்றாக நடத்துகிறாள் என்றே சொல்கிறார்கள்.