மாப்பிள்ளை இல்லாமல் எடுத்த அளவு

மாப்பிள்ளையின் கோட்டுக்கு அளவு கொடுக்க அம்பத்தூர் டெய்லர் கடைக்குப் போன அன்று அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், கல்யாணப் பெண்ணான அக்கா இருந்தாள், ஆட்டோ ஓட்டும் மாமா ஆட்டோவோடு வந்திருந்தார், கையில் நோட்டோடு நானும் இருந்தேன். வராதவர் ஒருவர்தான். மாப்பிள்ளை.

அவரை அழைக்காததற்குக் காரணம் உண்டு. அவர் வீடே தையல் வீடு. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து ஆவடி குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள். அவர், அவருடைய அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், நாலு பேருக்கும் பட்டாளத்து உடுப்பு தைக்கிற ஃபாக்டரியில் வேலை. நிச்சயதார்த்தத்தன்று அவர் அப்பா, "கோட்டு சூட்டு பொண்ணு வீட்ல எடுக்கறது வழக்கம்தான். ஆனா நீங்க துணியா குடுத்துடுங்க சம்மந்தி, நாங்களே தெச்சுக்கறோம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மாவுக்குத்தான் சுருக்கென்றது. அயனம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள் அவள். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் மண் சலிக்கிறவர். கவர்ன்மென்ட் சம்பளம் வாங்கும் வீட்டுக்குப் பெண் கொடுக்கிறோம்.

"துணியா குடுத்தா நாளைக்கு இன்னா பேசுவாங்க? மாப்பிள்ள கோட்ட மாப்பிள்ள ஊட்லயே தெச்சுக்கினாங்கன்னு பேசுவாங்க. எம் பொண்ணு ஆயுசுக்கும் அத கேட்டுகினு இருக்கணுமா?" என்றாள் அம்மா.

ஆகவே தைத்தே கொடுப்பது, அதையும் அவர்களுக்குத் தெரியாமல் தைத்து ரிசப்ஷன் அன்று தட்டில் வைத்து நீட்டுவது என்று முடிவானது. தெரியாமல் தைப்பதென்றால் மாப்பிள்ளை கடைக்கு வரக் கூடாது. அவர் வராமல் அளவு? அதற்குத்தான் நான் இருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் கிடையாது. நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். எனவே கல்யாணத்தின் பெரிய விஷயங்களை எல்லாம் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு, சின்ன விஷயங்களை மொத்தமாக என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் எண்பது பக்க நோட்டு ஒன்று போட்டு உயிரைக் கொடுத்து எழுதினேன். மண்டபத்தில் ஃபேன் பதினான்கு, சுற்றுவது ஒன்பது. மாப்பிள்ளை அறைக்கு சோப்பு, சோப்புக்கு டப்பா. பெரியப்பாவின் இலைக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைக்கக் கூடாது என்பதற்கு மட்டும் ஒரு பக்கம். சமையல்காரரிடம் ஒரு வடை எத்தனை கிராம் வரும் என்று கேட்டேன். அவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா" என்று விசாரித்தார்.

மாப்பிள்ளை விஷயத்திலும் நான் அசட்டையாக இருக்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் போட்டோ எடுத்தபோது வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அவர் காதும் என் காதும் ஒரே மட்டம். 'உயரம் சமம்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவைத்திருந்தேன்.

டெய்லர் இஞ்சு டேப்பை என் மார்பில் சுற்றிக்கொண்டே கேட்டார். "கல்யாணம் உனக்காப்பா?"

"எங்க மாப்பிள்ளைக்கு" என்றார் அப்பா.

"அவுரு எங்க?"

"வர்ல. இவன் அளவுதான் அவுரு அளவு."

டெய்லர் டேப்பை இறக்கிவிட்டார். "நான் அளவு பாத்து தெக்கறவன் சார். ஜாதகம் பாத்து தெக்கறவன் இல்ல."

"எங்க இன்ஜினீரு கணக்கு போட்டா தப்பாது" என்றார் மாமா. "வட எத்தன கிராமுன்னு கேட்ட ஆளு இவுரு. நீ தெய்யி அண்ணாத்தே."

அக்கா மெதுவாக, "அவருக்குத் தோளு இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

அம்மா திரும்பினாள். "நிச்சயத்தன்னிக்கி குனிஞ்ச தல நிமிரலன்னு ஊரே பேசிகிச்சி. தோள எப்டிடி பாத்த நீ?"

அக்கா மனம் நோகக் கூடாதென்று தோளில் அரை இஞ்சு கூட்டி வைக்கச் சொன்னேன். ஒரு பொருளை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பார்த்தால்தான் அதன் வடிவம் விளங்கும் என்று டிராயிங் வகுப்பில் எங்களுக்கு நடத்தியிருந்தார்கள். அதில் நான் நல்ல மார்க் வேறு. ஆனால் மாப்பிள்ளையை நான் பார்த்தது முன்னாலிருந்து மட்டும்தான், அதுவும் தொளதொளவென்ற வெள்ளைச் சட்டையில்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை ஆவடி மண்டபத்தில் ரிசப்ஷன். தட்டில் கோட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. பேன்ட் பொருந்தியது. கோட்டுக்குள் அவரை ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தங்கமான மனிதர், "சரியாத்தான் இருக்கு" என்று மூச்சை வெளியே விடாமலே சொன்னார். இரண்டு கக்கத்திலும் தேங்காய் வைத்துக்கொண்டவர்போல நடந்து மேடை ஏறினார்.

மாலை மாற்றும்போது அவர் கை மார்புக்கு மேல் வரவில்லை. அக்கா குனிந்தாள். போதவில்லை. இன்னும் குனிந்தாள். ஒருவழியாக மாலை விழுந்தது. வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், பொண்ணு மூஞ்சி தெரியல. கைய நல்லா தூக்கி இன்னொரு தபா போடுங்க" என்றார். மாப்பிள்ளை, பாவம், சொன்னதைச் செய்தார். முதுகில் மேலிருந்து கீழ்வரை கோட்டு கிழிந்த சத்தம் முதல் வரிசை வரைக்கும் கேட்டது.

அவர் அப்பா மேடை ஏறினார். மகனைத் திருப்பி நிறுத்தி, பிரிந்த தையலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அளவு யாருக்கு எடுத்தது தம்பி?"

"எனக்குத்தாங்க."

தலையிலிருந்து கால் வரை என்னை ஒருமுறை அளந்தார். "அதானே பாத்தேன்" என்றார். மகனையும் இரண்டு தம்பிகளையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா மேடையில் தனியாக நின்றாள். பரிசு கொடுக்க வரிசையில் வந்தவர்கள் காலியான பக்கத்து நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். தாலி ஏறுவது மறுநாள் காலையில்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். பந்தியில் சாம்பார் வாளியை முந்திக்கொண்டு செய்தி ஓடியது. முதல் வரிசையில் மாப்பிள்ளைக்கு மயக்கம். இரண்டாம் வரிசையில் ஸ்கூட்டர் தகராறு. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கோட்டைக் கழற்றி வீசிவிட்டுப் பட்டாபிராம் ஸ்டேஷனைத் தாண்டியிருந்தார்.

அம்மா தூணோரம் நின்றிருந்தாள். "துணியா குடுத்திருந்தா ஒரு பேச்சோட போயிருக்கும்டா" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அக்கா கண்ணால் கூப்பிட்டாள். வருகிறவர்களிடம் சிரித்தபடியே, உதடு அசையாமல், "போய் கதவத் தட்டிப் பாருடா. கோவமா கீறாங்களா, இன்னான்னு பாரு" என்றாள்.

தட்டினேன். கதவு திறந்தது. சுற்றாத ஃபேன் ஒன்றின் கீழே மாப்பிள்ளை பனியனோடு உட்கார்ந்திருந்தார். கோட்டைப் பிரித்துப் பாயில் பரப்பி, சீட்டு ஆடுகிறவர்கள்போல மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கைக்குழிய எறக்குனா போதும்ணே."

"எறக்குனா இழுக்கும்டா. முதுகுலதான் விடணும்."

"விடறதுக்குத் துணி எங்க இருக்கு? அந்தாளு கால் இஞ்சு கூட உள்ள மடிக்கல."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் தோளைப் பார்த்தார்கள். மீந்த துணியை டெய்லரிடம் விடாமல் கேட்டு வாங்கியிருந்தேன். அதில் அம்மா எனக்கொரு தோள்பை தைத்துக் கொடுத்திருந்தாள். நோட்டு, மண்டபத்துச் சாவி, ஊக்கு எல்லாம் அதற்குள்தான்.

"தம்பி, அந்தப் பைய குடு" என்றார் சம்பந்தி. சாமான்களைக் கொட்டிவிட்டு சவர பிளேடால் பையைப் பிரித்தார்.

மாமா ஆட்டோவில் போய் ஊசியும் கறுப்பு நூலும் வாங்கி வந்தார். நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "தெச்சுகினு கீறாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

அக்கா மேடையென்றும் பார்க்காமல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை வந்தார். முதுகின் நடுவே பைத்துணி ஒரு பட்டையாக இறங்கியிருந்தது. ஆனால் அது வேண்டுமென்றே வைத்த ஃபேஷன்போல அத்தனை நேர். கையை விட்டத்தைத் தொடுகிறவர்போலத் தூக்கிக் காட்டினார். பட்டாபிராமிலிருந்து திரும்பி வந்தவரைப் பார்க்கப் பந்தியில் பாதிப் பேர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். மாலையை இன்னொரு தபா மாற்றினார்கள்.

ஆனால் அம்மா பயந்தது நடந்துவிட்டது. கோட்டை மாப்பிள்ளை வீட்டிலேயே தைத்துக்கொண்டார்கள். அப்பா வெற்றிலைத் தட்டில் ஒரு நூறு ரூபாய் நோட்டை வைத்து சம்பந்தி முன்னால் நீட்டினார். பட்டறையில் மேஸ்திரியிடம்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"தெயல் கூலி சம்மந்தி. எங்க செலவுலயே தெச்சதா இருக்கட்டும்."

சம்பந்தி நோட்டைப் பார்த்தார். "இது ஜாஸ்தி" என்று தட்டைத் திருப்பித் தள்ளினார். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"உன் நோட்ட குடு தம்பி" என்றார் என்னிடம். வடை எடைக்குக் கீழே எழுதத் தொடங்கினார். "எங்களுக்கு ஃபாக்டரியில பீஸ் ரேட்டு. முதுகு பிரிச்சுத் துணி சேத்தது ஒன்னு. கைக்குழி ரெண்டு. காலர் மாத்தி வெச்சது ஒன்னு." கூட்டிப் பார்த்து நிமிர்ந்தார். "இருபத்தி மூணு ரூபா எழுபத்தஞ்சு காசு. மேல ஒரு பைசா வேணாம். கொறைக்கவும் மாட்டோம்."

சில்லறை மாமாவின் காக்கிச் சட்டையிலிருந்து வந்தது. சம்பந்தி எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தம்பிகளுக்கும் மேடையிலிருந்த அக்காவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "கோட்டு பொண்ணு வீட்டுக் கோட்டு. நாங்க கூலிக்குத் தெச்சவங்க, அவ்ளோதான்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயசம் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.

துணிக்கு நானூற்று இருபத்தைந்து, அம்பத்தூர் டெய்லருக்கு இருநூற்று அறுபது, ஊசி நூலுக்கு இரண்டரை, சம்பந்தி கூலி இருபத்து மூன்றே முக்கால். ஆக, கோட்டு எங்களுக்கு ஆன விலை எழுநூற்றுப் பதினொன்றே கால் ரூபாய்.