கையெழுத்து விழாத வெங்காய வேர்

என் கண் இமை மயிரைக் குரோமோசோம் என்று சொல்லி ஒரு வகுப்பு முழுக்கப் பாடம் நடத்தியவன் நான். நுண்ணோக்கியில் கண்ணை அழுத்தினால் இமை மயிர் தெரியும். தலையை ஆட்டினால் அதுவும் ஆடும். "பாருங்க, நகருது" என்று வேறு சொன்னேன். செத்துச் சாயமேறிய செல்லில் எது நகரும்? அந்த அவமானத்துக்குப் பிறகு, யார் எந்த இழையைக் காட்டினாலும் மயிர் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர்; செய்முறை வகுப்பு என் பொறுப்பு. மாணவர்கள் வெங்காய வேர் நுனியை நசுக்கிச் சாயமேற்றி, செல் பிரிவதைப் பார்த்து வரைய வேண்டும். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே என் கையெழுத்து. ஒன்று விடுபட்டாலும் பரீட்சைக்குள் விடமாட்டார்கள்.

குஜிலியம்பாறைப் பக்கத்து மாணவன் ஒருவன், குடும்பத்திலேயே முதலில் கல்லூரி மிதித்தவன், இரண்டு பக்கமும் பிரிந்து போகும் குரோமோசோம்களுக்கு நடுவே ஓர் இழையை வரைந்திருந்தான். புத்தகப் படத்தில் அப்படி இல்லை.

"அப்பு, வெங்காயத்துக்குள்ள ஒன் தலமயிரு எப்பிடிப் போச்சு?"

வகுப்பு சிரித்தது. எனக்கு அது கள் குடித்த மாதிரி ஏறியது.

"இருந்ததத்தான் வரைஞ்சேன் சார். செத்த நேரம் பாருங்க."

நான் பார்க்கவில்லை. வேரை நசுக்கி வைத்து அவன் நீட்டிய கண்ணாடித் துண்டை வாங்கிக் கழுவும் தொட்டியில் போட்டேன். இழையை அழித்தால் கையெழுத்து என்றேன். கடைசிநாள் வரை அவன் அழிக்கவில்லை; நானும் போடவில்லை. பரீட்சையன்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் அவன் கல்லூரிக்கு வரவேயில்லை. தலைமயிர் விஞ்ஞானி என்று சொல்லிச் சொல்லி நான் ஆசிரியர் அறையில் இன்னும் கொஞ்ச நாள் சிரிப்பு வாங்கினேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, எம்.எஸ்ஸி. எழுதும் ஆசையில், அதுவரை தொடாத அத்தியாயம் ஒன்றைப் புரட்டினேன். பக்கம் முழுக்க அவன் வரைந்த மாதிரியே படம். சில சமயம் பிரியும் பாதிகளுக்கு நடுவே இழை பாலம்போல மாட்டிக்கொண்டு நிற்குமாம். மற்ற நேரங்களில் இழைகளின் சிக்கை எடுத்துவிடுவது எது என்று அன்று யாருக்கும் தெரியாது. டி.என்.ஏ.வைச் சுருட்டி மடிக்க ஒன்று, ஓர் இழையை வெட்டி மற்றதை அந்த இடைவெளியில் கடத்திவிட்டு வெட்டியதை ஒட்ட இன்னொன்று எனச் செல்லுக்குள் நுண்ணிய இயந்திரங்கள் இருப்பதாக இப்போது படிக்கிறேன். எனக்கு வெட்ட மட்டும்தான் தெரிந்தது.

புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் ஊருக்குப் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே மானாவாரிக் காட்டில் உழுதுகொண்டிருந்தான். குறுக்கே போய் நின்று, பக்கத்தை விரித்துக் காட்டி, அவன் வரைந்ததுதான் சரி, மடையன் நான்தான் என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கலப்பையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"தள்ளி நில்லுங்க, மாடு மெரளுது."