ஸ்கோப் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்

போன சனிக்கிழமை என் ரைஃபிள் என்னை அறைந்துவிட்டது.

சுட்டது நான்தான். குண்டு முன்னால் போனது, ரைஃபிள் பின்னால் வந்தது. அதன் மேல் மாட்டியிருந்த, குறி பார்க்கும் புத்தம் புதிய ஸ்கோப் என் வலது புருவத்தில் பிறை போல ஒரு வெட்டுப் போட்டது. சுட்டுப் பழகும் ரேஞ்சில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்... பாதிப் பேர் சிரிப்பதற்காக. ஸ்கோப்புக்கு மிக நெருக்கமாகக் கண்ணை வைத்தால் இப்படித்தான் இடிக்குமாம். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு நடப்பது. நான் எட்டு வருடமாகச் சுடுகிறேன்.

வீட்டில் வசந்தி பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"இதையும் நாமதான் காசு குடுத்து வாங்கினோமா?"

இருபத்தெட்டு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள்.

'நீங்கள் வேட்டைக்குப் போவீர்களா?' என்று சில வாசகர்கள் இந்நேரம் முகம் சுளித்திருப்பீர்கள். போவேன். லைசென்ஸ் உண்டு, வீட்டில் இரும்புப் பெட்டி உண்டு, அதற்குப் பூட்டு உண்டு. கோல்பர்ன் ஊரைத் தாண்டி கென் என்பவருக்கு ஒரு செம்மறிப் பண்ணை இருக்கிறது. அவருடைய செம்மறிகள் மேய வேண்டிய புல்லைக் காட்டு ஆடுகள் கூட்டமாக வந்து தின்றுவிட்டுப் போகின்றன. அவற்றைச் சுட கென் இரண்டு பேருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். ஒருவன் நான். இன்னொருவர் ரவூப் நானா.

ரவூப் நானா இலங்கைக்காரர். மெரிலேண்ட்ஸில் டயர் கடை வைத்திருக்கிறார். அவர்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை 'நானா' என்பார்கள். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். நிச்சயமாகத் தெரியாவிட்டால் சுடக்கூடாது.

அந்தச் சட்டத்தை ஈஸ்டர் விடுமுறையில் நான் மீறினேன்.

மாலை நேரம். சரிவில் ஒரு கிடா. ஸ்கோப்பில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் தோள்பட்டைக்குப் பின்னால் குறி வைத்ததாகத்தான் நினைத்தேன். பட்டது பின்னங்காலில். அது கத்திக்கொண்டே புதருக்குள் ஓடியது. நானும் நானாவும் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து முள்ளுக்குள் நடந்தோம். கண்டுபிடித்தபோது உயிர் இருந்தது. நானாதான் கத்தியை எடுத்து முடித்தார். முறைப்படி அறுத்த ஆடு, அவருக்கு ஆகும். ஆனாலும் அந்தக் கறியில் ஒரு துண்டைக்கூட அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

கென் அதிகம் பேசாதவர். வேலியில் கை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். இன்னொரு முறை இப்படி ஆனால் வர வேண்டாம் என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். வாரமெல்லாம் டயரோடு மல்லுக்கட்டும் மனிதருக்கு மாதத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள். அதை என் கை கெடுத்துவிடும் போலிருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

குற்றவாளி யார்? சந்தேகமே இல்லை. ஸ்கோப்!

ஏனென்றால் மற்ற எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. டிவி தெரிகிறது. ரோட்டில் போர்டு தெரிகிறது. வசந்தியின் முகத்தில் கோபம் வருவது அடுத்த அறையிலிருந்தே தெரிகிறது. ஸ்கோப் வழியாகப் பார்த்தால் மட்டும் உலகம் மோரில் முக்கி எடுத்தது போல் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் ரைஃபிளோடு சும்மா வந்த ஸ்கோப், வேறு எப்படி இருக்கும்?

ஆக, புதிது வாங்க வேண்டும். இரண்டு நிபந்தனை. ஒன்று, எடை குறைவாக இருக்க வேண்டும். மலை ஏறி இறங்கினால் என் வலது தோள் இரண்டு நாள் பேச மாட்டேன் என்கிறது. இரண்டாவது, வசந்தி போட்ட பட்ஜெட். ஐந்நூறு டாலர், அதற்கு மேல் மூச்சு விடக்கூடாது.

என் வேலை மென்பொருள் சோதனை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். அப்படிப்பட்டவன் கையில் ஒரு ஸ்கோப் விவகாரம் கிடைத்தால் சும்மா இருப்பேனா? ரிவ்யூ படித்தேன். வீடியோ பார்த்தேன். தாடி வைத்த அமெரிக்கர்கள் ஸ்கோப்பைத் தண்ணீரில் போட்டார்கள், ஃப்ரீசரில் வைத்தார்கள், பாறையில் எறிந்தார்கள். ஒருவர் பத்துக்கு ஒன்பது கொடுத்ததை இன்னொருவர் குப்பை என்றார். சாப்பிடும்போதும் அதே, ரயிலிலும் அதே. ஒரு பொருள் வாங்குவதற்கு முன்னாலேயே அது அலுத்துப்போவது இந்தக் காலத்தில்தான் நடக்கிறது.

இவ்வளவு படித்துவிட்டு என்ன செய்தேன்? நம் ஆட்கள் செய்வதைத்தான் செய்தேன். இரண்டு ஸ்கோப்புக்கும் ஒரே விலை. ஒன்று ஏழு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இன்னொன்று பதினாறு மடங்கு. பதினாறு இருக்கும்போது எவனாவது ஏழு மடங்கை வாங்குவானா? குக்கர் வாங்கினாலும் பெரிய லிட்டர், பையனுக்குச் சட்டை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிது. அப்படியே பழகிய கை.

வந்து சேர்ந்தது. தூக்கிப் பார்த்தேன். அம்மிக்குழவி! மடங்கு ஏற ஏறக் கண்ணாடி பெரிதாகும், கண்ணாடி பெரிதானால் எடை ஏறும் என்பது நான் படித்த எல்லா ரிவ்யூவிலும் இருந்ததுதான். போதாக்குறைக்கு, நிறையப் பெரிதாக்கினால் பார்க்கும் இடம் சின்னதாகிவிடும். ஆட்டைத் தேடினால் ஆட்டின் வயிற்றில் நாலு முடி தெரிந்தது. அதுவும் மங்கல். கிளப்பில் ஒருவரிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

இரண்டாவது முறை புத்தியோடு வாங்கினேன். கொஞ்சம் மடங்குதான் பெரிதாக்கும், சின்ன உடம்பு, முந்நூறு கிராம் சொச்சம். ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்து வைக்கும் வளையங்களும் அலுமினியத்தில் வாங்கினேன். பலர் ஸ்கோப்பில் எடையை மிச்சம் பிடித்துவிட்டு வளையத்தில் இரும்பைக் கட்டித் தூக்குகிறார்கள். அந்தத் தப்பை நான் செய்யவில்லை என்பதில் ஒரு பெருமை வேறு.

அதை மாட்டிக்கொண்டுதான் போன சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனேன். குனிந்து பார்த்தேன்... அதே மோர். கண் பக்கம் இருக்கும், தெளிவைச் சரிசெய்யும் வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். தெளியவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் தெரியுமோ என்று முகத்தை நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பிறகு ட்ரிகரை அழுத்தினேன்.

மீதிதான் உங்களுக்குத் தெரியுமே.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, ரசீதோடு கடைக்குப் போனேன். வலது புருவத்தில் தடியாக ஒரு பிளாஸ்டர். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே பிரச்சினை என்ன என்று புரிந்துகொண்டார்.

"கண்ணாடி மங்கல். மாற்றிக் கொடுங்கள்" என்றேன்.

அவர் ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எதிர்ப்பக்கம் பார்த்தார். "லுக்ஸ் ஆல் ரைட் டு மீ, மேட்" என்று என் கையில் கொடுத்தார். விற்றவர் வேறென்ன சொல்வார்?

வாங்கி வழக்கம்போல் வலது கண்ணில் வைத்தேன். பிளாஸ்டரில் பட்டு உயிர் போனது. வேறு வழியில்லாமல் இடது கண்ணில் வைத்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பியில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. அதன் மஞ்சள் மூக்கு தெரிந்தது. கண்ணைச் சுற்றியிருந்த மஞ்சள் தோல் தெரிந்தது. கழுத்தைத் திருப்பும்போது இறகு ஒவ்வொன்றாகப் பிரிவது தெரிந்தது. இவ்வளவு அழகான ஸ்கோப்பை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

மெதுவாகப் பிளாஸ்டரைத் தூக்கிவிட்டு வலது கண்ணில் வைத்தேன். மைனா இல்லை. பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

மூன்று ஸ்கோப். மூன்றும் வேறு வேறு கம்பெனி. மூன்றிலும் ஒரே குறை. ஆபீஸில் ஒரு ஜூனியர் இப்படி ரிப்போர்ட் கொண்டு வந்தால் நான் என்ன கேட்பேன்? 'மூணுலயும் மாறாம இருக்கறது எதுப்பா?' என்றுதானே கேட்பேன்? அதை என்னிடம் நான் கேட்கவே இல்லை. கடை வாசலில் அப்படியே நின்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

அன்று மாலையே பாரமட்டாவில் கண் பரிசோதனை. பரிசோதித்தது ஒரு தமிழ்ப் பெண். நான் தமிழில் கேட்கக் கேட்க, அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "இட்ஸ் எ காட்டராக்ட், அங்கிள். ரைட் ஐ. குவைட் டென்ஸ்." கண்புரை. நன்றாகவே முற்றியிருக்கிறதாம். இடது கண் நன்றாக இருப்பதால் இத்தனை நாள் தெரியாமல் போயிருக்கிறதாம். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதற்கும் சேர்த்து வேலை பார்த்துவிடும். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் வேலை ஏதாவது செய்தால்தான் குட்டு வெளிப்படும்.

"டூ யூ டூ எனிதிங் லைக் தட், அங்கிள்?"

"துப்பாக்கி சுடுவேன்மா."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

பரிசோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. அரசாங்கத்தின் மெடிகேர் கொடுத்துவிடுகிறது. 'வந்து கண்ணைக் காட்டுங்கள்' என்று சில மாதங்களாக எனக்கு மெசேஜ் வந்துகொண்டுதான் இருந்தது. ஸ்கோப் ரிவ்யூ படிக்கும் அவசரத்தில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். கிராம் கணக்குப் பார்த்துக் கண்ணாடி வாங்குகிறோம். அதற்குப் பின்னால் இருக்கிற கண்ணை எவனும் கேட்பதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் ஒற்றைக் கண்ணை மூடிப் பாருங்கள். இப்போதே.

அரசு ஆஸ்பத்திரி வரிசையில் பெயர் கொடுத்தாகிவிட்டது. ரைஃபிளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு நானாவுக்கு ஃபோன் செய்தேன். அவருக்குச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"நானா... ஸ்கோப் நல்லாத்தான் இருக்கு. என் வலது கண்ணுல புரை."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"என்ன நானா, கண்ணுல புரைங்கறேன், நீங்க கடவுளுக்கு நன்றி சொல்றீங்க?"

"கோவிச்சிக்காதீங்க சுந்தர். அந்தக் கிடாவுக்குப் பிறகு நான் உங்களுக்கு முன்னால நடந்ததே இல்ல. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு மூன்று முறை போயிருக்கிறோம். மூன்று முறையும் அவர் எனக்கு ஓரடி பின்னால்தான் வந்திருக்கிறார். வயதாகிறது, நடை தளர்ந்துவிட்டது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

"பின்னேரம் ஆனா 'தொழுகைக்கு நேரமாச்சு, போவம்' எண்டு சொன்னதும் அதுக்குத்தான். அந்த மங்கல் வெளிச்சத்துல நீங்க சுடக்கூடாது எண்டுதான். மேல இருக்கிற ரப்பு மன்னிக்கணும்... தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே நானா?"

"ஓம், சொல்லியிருக்கலாம். சொன்னா நீங்க இன்னொரு ஸ்கோப் வாங்கியிருப்பீங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

என் துப்பாக்கிக்கு அவ்வளவு பயந்த மனிதர், ஒரு முறைகூட 'நான் வரவில்லை' என்று சொன்னதில்லை.