ரயில்வே கேட்டில் இரண்டு சராசரிகள்

சைக்கிளில் நூற்றைம்பது கிலோமீட்டரைப் பத்து மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்; சராசரி மணிக்குப் பதினைந்து. அப்போதுதான் அடுத்த மாதம் முந்நூறு கிலோமீட்டர் பயணத்தில் கிளப்காரர்கள் சேர்ப்பார்கள். என் மனைவியின் அண்ணன் அதில் சேர்ந்தே தீருவது என்றிருந்தார். போன வருடம் அவர் நேரம் தவறி வந்ததை, அவர் சூப்பர்வைசராக இருந்த நிட்டிங் யூனிட்டில் யாரும் மறக்கவிடவில்லை. சைக்கிளிலும் ஷிப்மென்ட் லேட்டுங்களா என்று டீ வேளையில் கேட்பார்களாம்.

இந்த முறை அவர் கைப்பிடியில் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ஜி.பி.எஸ். கருவி இருந்தது. என்னுடையது செல்போனில் ஏற்றிய இலவச மென்பொருள்.

சேவூரில் அவருடைய சின்னம்மா வீட்டில் நின்றோம். சாப்பிடாமல் கிளம்புகிறேன் என்று சொல்ல மச்சானுக்கு வாய் வரவில்லை. இட்லி வேகும்வரை உட்கார்ந்தோம். காங்கேயத்தில் எண்ணெய் மில் நண்பர் இளநீர் வெட்டினார். அங்கும் அதே கதை. நேரமாகிறது என்று நான் சொன்னபோதெல்லாம் மச்சான் தன் கருவியைத் தட்டிக் காட்டினார். சராசரி இருபது.

ஊத்துக்குளியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரிகளுக்கு நடுவே நின்றபோதுதான் இரண்டு திரைகளையும் அருகருகே பார்த்தேன். அவருடையது இருபதிலேயே நின்றது. என்னுடையது 14.9. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 14.8 ஆனது.

"மச்சான், சக்கரம் நின்னா உங்க கருவியும் கணக்கை நிறுத்திருது. இட்லி தின்ன நேரம் அதுல இல்லீங்க."

"அதெப்படீங்க மாப்ள சேர்ப்பாங்க? கரண்ட் போன நேரத்தை மெஷின் ஓடுன கணக்குல சேர்க்கறமா?"

தினம் பலமுறை கரண்ட் போன காலம் அது. யூனிட்டில் மெஷின் ஓடிய நேரத்துக்குத்தான் உற்பத்தி பார்ப்பார்கள். அவர் அந்தக் கணக்கிலேயே காலையிலிருந்து ஓட்டியிருக்கிறார்.

"முடியற இடத்துல உக்காந்திருக்கறவர் கையில வாட்ச்தானுங்க இருக்கு."

கோயமுத்தூர் பக்கம் போகும் சரக்கு ரயில் மெதுவாக ஊர்ந்தது. 14.7.

கேட் திறந்ததும் தன் கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "நீங்க சொல்லிட்டே வாங்க."

மேற்கே திரும்பியதும் ஆடிக்காற்று நேராக நெஞ்சில் மோதியது. ஒருவர் பின் ஒருவராக, மாறி மாறி முன்னால் போனோம். நான் எண்ணை மட்டும் கத்தினேன். வெகுநேரம் அது அசையவே இல்லை. பிறகு 14.8. சாயப்பட்டறைகள் தெரிந்தபோது 14.9. போன் பேட்டரி கடைசிக் கோட்டுக்கு வந்திருந்தது. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பயணம் முடியும் பெட்ரோல் பங்கில் மேசை போட்டிருந்தார்கள். என் திரையில் 15.0. அது முழுப் பதினைந்தா, பதினைந்துக்கு ஒரு மயிரிழை குறைவா என்று திரை சொல்லாது. கிளப்காரர் வாட்சைப் பார்த்தார். இன்னொருவரின் வாட்சையும் வாங்கிப் பார்த்தார். பிறகு நேரத்துக்குள் வந்ததாக எங்கள் அட்டைகளில் கையெழுத்துப் போட்டார்.

மச்சான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்கியதும் பையிலிருந்து கருவியை எடுத்துத் துடைத்தார்.

"கம்பெனில கேட்டா இருபதுன்னுதான் சொல்லுவேன். நீங்க கம்முனு இருக்கோணும்" என்றார்.

கம்மென்றுதான் இருந்தேன்.