துளசி வாங்கிய மௌசர்

பழைய இராணுவத் துப்பாக்கி, எங்கள் வாயில் துவக்கு, விற்கும் தொழிலில் சரக்கு அசையாமல் சுவரில் நிற்கும். நிலைகொள்ளாமல் அலைவது விற்கிறவன்தான். கடை மேசைக்குப் பின்னால் நின்று காலம் தள்ளும் எவருக்கும் இது தெரியும். துணி மடித்தாலும் மீன் வெட்டினாலும் நம் பிழைப்பு ஒன்றுதான், வந்தவர் வாய் திறக்கும்வரை என்ன வரப்போகிறதென்று சொல்ல முடியாது. ஒஸ்லோவில் நான் நிற்கும் கடையில் வேட்டைக்காரருக்கு வேண்டியதெல்லாம் உண்டு. என் பொறுப்பு பழசுகள். உலகப் போரில் ஜெர்மன்காரன் தோற்று விட்டுப்போன மௌசர் துவக்குகளை நோர்வே இராணுவம் எடுத்து, தன் முத்திரை குத்தி, பல வருடம் பாவித்துவிட்டுக் கழித்தது. முதன்முதலாகப் பழசு வாங்க வருகிறவர்களின் கண் நேராக அவற்றில்தான் விழும்.

விளையாட்டுச் சாமான்

எனக்கு 'விளையாட்டுச் சாமான் கடையில்' வேலை என்று என் மனைவி சனத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யென்று சொல்ல முடியாது, இந்த நாட்டில் சுடுவதும் விளையாட்டுத்தான். ஆனால் யுத்தத்தில் துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த நம் தமிழ்ச் சனத்துக்கு நடுவில் துவக்கு விற்கிறேன் என்று சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை.

ஹவுகெட்டோவில் ஒரு பிறந்தநாள் வீடு. கையில் ரோல்ஸோடு ஒருவர் வந்து என்னைத் தனியாகக் கதைக்க வேண்டும் என்று ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். விஷயம் வெளியே வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "தம்பி, பட்மின்டன் மட்டைக்கு விலையிலை ஏதும் கழிவு போட்டுத் தருவியளோ?"

பளபளப்பு

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். போல்டில் உள்ள இலக்கமும் உடம்பில் உள்ள இலக்கமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அந்தக் கீறலுக்கும் அழுக்குக்கும்தான் மதிப்பு. ஒரு நோர்வே இளைஞர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரு மௌசரை வாங்கிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து அந்த மௌசரோடு திரும்பி வந்தார். அரத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, புது மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார். இராணுவ முத்திரை இருந்த இடம் வழவழவென்று கிடந்தது. எங்கள் முதலாளி ஸ்டைனார் கதவை அடைக்கும் ஆகிருதி. துவக்கை இரண்டு கையிலும் வாங்கிப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது, அதை மேசையில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். இளைஞர் பூரித்துப்போய் என்னிடம் கேட்டார்: "அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதா?"

பேர் பதிந்த துவக்கு

துளசி இங்கேயே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் தாதி. குரோருட்டில் எனக்கு அடுத்த கட்டடத்தில் தகப்பன் குணம் அண்ணையோடு இருக்கிறாள், தாய் இல்லை. சுடும் கழகத்தில் யாரோ ஒரு கிழவர் தன் மௌசரைச் சுடக் கொடுத்திருக்கிறார், அன்றிலிருந்து அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். "அண்ணா, வாக்ட் வேலை முடிஞ்சு வந்தாலும் வார்டுச் சத்தம் தலைக்குள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும். குறி பாக்கேக்கை மட்டும்தான் நிக்குது" என்றாள். அப்படிச் சொல்பவளிடம் நான் என்ன வியாபாரம் பேசுவது!

அவள் சுவரில் ஒன்றைத் தேர்ந்துகொண்டிருக்கும்போது குணம் அண்ணை கடைக்குள் வரவே இல்லை. பனியில் வெளியே நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் பொலிஸ் அனுமதியோடு, இலக்கத்தோடு, அவளுடைய பேரில் பதிந்துதான் கொடுப்போம் என்று விளக்கினேன். ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். மனுஷனுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்ன தம்பி கதைக்கிறீர்? பேர் பதிஞ்சுபோட்டோ ஆரும் துவக்கு வச்சிருப்பினம்?"

அப்பாவுக்கு உதிரிப்பாகம்

துளசிக்கு அனுமதி வந்துவிட்டது. வீட்டுச் சாமான் அறையில் துவக்கு வைக்கும் இரும்பு அலுமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கி, படமும் கொண்டுவந்து காட்டினாள். ஆனால் அந்தத் துவக்கு வீட்டுக்குள் வந்தால் பேர்கன் நகரத்தில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவதாகத் தகப்பன் சொல்லியிருந்தார். வெருட்டுகிறார் என்று அவள் நினைத்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு அவளும் அவளுக்கு அவரும்தான். ஒரு பழைய துவக்கால் அந்த வீடு இரண்டாகப் போனால் விற்றவன் நான் அல்லவா?

அவள் எடுத்துக்கொண்டு போக வந்த நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு மறந்தேன். கடைசியில் ஸ்டைனாரைப் பிடித்து, ஏதாவது பிழை இருக்கிறதென்று சொல்லிக் கொடுக்காமல் விடலாமா என்று கேட்டேன். அவர் குழலைத் தூக்கிப் பார்த்தார், போல்டை இழுத்துப் பார்த்தார், என்னையும் ஒருமுறை பார்த்தார். "துவக்கில் ஒரு பிழையும் இல்லை. அப்பாக்களுக்கு நம்மிடம் உதிரிப்பாகம் கிடையாது."

கதவடியில்

வாங்கிய துவக்கை ஒழுங்காகப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பொலிஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பார்ப்பதுண்டு. துளசி துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள், தகப்பன் பேர்கனுக்கு இன்னும் கிளம்பவில்லை. அவளுக்கும் ஒரு நாள் குறித்தார்கள். அன்றைக்கு எனக்கு லீவு. குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளிடமிருந்து போன் வந்தது: "அண்ணா, டி-பானே ரயில் இடையிலை நிண்டுட்டுது. அப்பா தனிய நிக்கிறார். ஒருக்காப் போய்ப் பாக்கிறீங்களா, ப்ளீஸ்?" நான் ஜாக்கெட்டின் சிப்பைக்கூட இழுக்காமல் ஓடினேன்.

படியேறும்போதே குணம் அண்ணையின் குரல் கேட்டது. கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, முப்பது வருட நோர்வேஜியனில் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "துளசி என்று இங்கே ஒருவரும் இல்லை. துவக்கும் இல்லை. எனக்கு மகளே இல்லை." வாசலில் ஒரு பொலிஸ்காரியும் ஒரு பொலிஸ்காரனும். அவருக்குப் பின்னால் சுவரை நிறைத்துக்கொண்டு துளசி பெரியவளானபோது எடுத்த சாமத்திய வீட்டுப் படம், தலை நிறையப் பூவோடு சிரித்துக்கொண்டிருந்தது. கதவு மணிக்குக் கீழே அவள் பேர். பொலிஸ்காரி படத்தைப் பார்த்தாள், பேரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இப்படி ஒரு பதிலோடு அவர்கள் திரும்பிப் போனால் துளசியின் அனுமதி போய்விடும், அதைவிடப் பெரிய வினைகளும் வரலாம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நடுவில் புகுந்தேன். மகள் ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள், இவர் வந்த ஊரில் பொலிஸும் ஆமியும் பிள்ளையின் பேர் சொல்லிக் கேட்டு வந்தால் பிடித்துக்கொண்டு போகத்தான், அங்கே தகப்பன் இந்தப் பதிலைத்தான் சொல்லுவான் என்றேன்.

பொலிஸ்காரி உள்ளே இருந்து காத்திருக்கலாமா என்று கேட்டாள். குனிந்து, பனியில் ஊறிய சப்பாத்துகளைக் கழற்றிக் கதவடியில் வைத்தாள். மற்றவனும் கழற்றினான். ஊரில் ஆமி சப்பாத்துக் காலோடுதான் வீட்டுக்குள் வரும். குணம் அண்ணை அந்தச் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு வழிவிட்டார்.

துளசி ஓடிவந்து சேர்ந்தாள். சாமான் அறையில் அலுமாரியைக் காணவில்லை. அதன்மேல் அப்பா அரிசி மூட்டைகளை அடுக்கி, பழைய போர்வையும் போட்டு மூடியிருந்தார். எல்லாம் இழுத்துவிட்டுத் திறந்தாள். பொலிஸ்காரி இலக்கத்தை ஒத்துப் பார்த்தாள், சரி என்றாள், நன்றி சொன்னாள், சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குணம் அண்ணை கார் மறையும்வரை யன்னலை விட்டு நகரவில்லை. மகள் பக்கத்தில் போய் நின்றதும் என் பக்கம்தான் திரும்பினார், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல். "சப்பாத்துக் கழட்டிப்போட்டு உள்ளை வந்த பிள்ளையளுக்கு முன்னாலை, நான் பெத்த பிள்ளையை இல்லையெண்டு போட்டன், தம்பி."

துவக்கும் அங்கேதான் இருக்கிறது, தகப்பனும் மகளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். கதவு மணி கேட்டால் திடுக்கிட்டு எழும்பும் வியாதி மட்டும் விற்றவனான எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.